கீழப்பாவூர்ப் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பல் கல்லூரி?

கீழப்பாவூரிலிருந்து பல் மருத்துவம் படிக்கப் புறப்படும் பிள்ளைக்குச் சொந்த மாவட்டத்தில் கல்லூரி கிடையாது. 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இல்லை, தனியார் கல்லூரியும் இல்லை. ஆகவே இங்கே கேள்வி எந்தத் திசைக்குப் பெட்டி கட்டுவது என்பதுதான். தெற்கே போனால் காவல்கிணற்றில் ராஜாஸ் கல்லூரி, இன்னும் தள்ளிக் குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா. வடக்கே மதுரையில் சி.எஸ்.ஐ., பெஸ்ட் என்று இரண்டு. அதற்கப்பால் புதுக்கோட்டை, சிதம்பரம், சென்னை ஆகிய மூன்று ஊர்களில் அரசுக் கல்லூரிகள். மேற்கே ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கொல்லமும் திருவனந்தபுரமும் மதுரையைவிடக் கிட்டம். ஆனால் கிட்டம் என்பதற்காக அங்கே சீட்டு கிடைத்துவிடாது.

இந்தத் தேர்வு இத்தனை விரிந்தது அண்மைக்காலத்தில்தான். இந்தியாவின் முதல் பல் கல்லூரியை ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் 1953இல்தான் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு வந்தது. அதுவே பின்னர் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே முத்துசாமி சாலையில் தனிக் கல்லூரியாக நின்றது. அடுத்தது 1980இல் சிதம்பரம், அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா கல்லூரி. 1980களின் கடைசியில் சுயநிதிக் கல்லூரிகள் முளைக்கும்வரை, பொதிகை மலையடிவாரத்துப் பிள்ளை பல் மருத்துவராக வேண்டுமானால் ஒன்று சென்னை, ஒன்று சிதம்பரம், அதுவும் இல்லையென்றால் நன்கொடை கட்டி மங்களூரோ தாவணகெரேயோ. படித்தவர் வருமுன் ஊர்ப்பக்கத்தில் பல் பிடுங்கியவர்கள் வேறு ஆட்கள். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இவர்களுக்கும் ஒரு கதவு திறந்து வைத்திருந்தது: பட்டம் பெற்றவர் 'அ' பதிவேட்டில், பட்டமில்லாமல் அதையே பிழைப்பாக ஐந்து ஆண்டுக்குமேல் செய்துவந்தவர் 'ஆ' பதிவேட்டில். அந்த இரண்டாம் பட்டியலில் உள்ளவர்களின் பலகையைப் பழைய ஆட்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் மூன்றாவதான புதுக்கோட்டை 2023 நவம்பரில் 50 இடங்களோடு திறந்தது. சென்னையில் 100 இடம்.

இடம் எப்படிக் கிடைக்கிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. 1984 முதல் 2006 வரை நுழைவுத் தேர்வு. அந்தக் காலத்துக் கட்-ஆஃப் முந்நூற்றுக்கு. 2007இலிருந்து நுழைவுத் தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண்ணில் உயிரியல் நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என்று இருநூற்றுக்குக் கணக்கு. 2017 முதல் நீட், எழுநூற்று இருபதுக்கு. பக்கத்துப் பாவூர்சத்திரத்தில் கிளினிக் வைத்திருக்கும் மூன்று தலைமுறைப் பல் மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், "உங்களுக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று அளவுகோலில் பதில் வரும்.

எம்.பி.பி.எஸ்ஸுக்கும் பி.டி.எஸ்ஸுக்கும் தரவரிசைப் பட்டியல் ஒன்றுதான். கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு அதை வெளியிடுகிறது. அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி எண்பத்தைந்தும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, 69 சதவீத இட ஒதுக்கீட்டோடு. சுயநிதிக் கல்லூரியில் அரசுக்கு விடப்படுவது 65 சதவீத இடம். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் 50. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களோ முழுக்க டெல்லிக் கலந்தாய்வில். திருவனந்தபுரம் அரசுப் பல் கல்லூரிக்குத் தென்காசிப் பிள்ளை போக முடியும் என்றால் அது அந்தப் பதினைந்து சதவீத வழியாகத்தான். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ச் சீமையாக இருந்தது என்ற பழைய உறவுக்கு இங்கே ஒரு மார்க்கும் கிடையாது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி இந்தப் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020இல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நெல்லை, தென்காசிப் பகுதி உதவிபெறும் பள்ளிகள் மலிந்த இடம். மிஷன் பள்ளிகளும் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளும் நூறாண்டாக எழுத்தறிவித்த ஊர்கள் இவை. அந்தப் பள்ளிகளில் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, சத்துணவு அரசு போடுகிறது; இந்த ஒதுக்கீட்டில் மட்டும் அவை அரசுப் பள்ளி அல்ல. பீடி சுற்றும் தாயின் பிள்ளை இரண்டு தெரு தள்ளி இருந்த உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்ததாலேயே இந்த வரிசையில் நிற்க முடியாமல் போகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கோ இடம் உண்டு. பல் மருத்துவக் கல்லூரித் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து தொடங்குவதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே பாதி முடிந்துவிடுகிறது.

கலந்தாய்வுக்குச் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் அதற்கான சான்று என்று இ-சேவை மையத்துக்கு நடப்பது தனிக் கதை. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது செய்யும் தவறு ஒன்றைத்தான் இங்கே குறிக்க வேண்டும். "நமக்கு எது கிடைக்கும்" என்று ஊகித்து, கிடைக்கக்கூடியதை முதலில் போடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எது வேண்டுமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். கிடைக்காததை மேலே போட்டதற்காக யாரும் எதையும் இழப்பதில்லை. எம்.பி.பி.எஸ். தப்பிப்போய் பி.டி.எஸ். எடுக்கிறவர்கள் பாதிப்பேராவது இருப்பார்கள். சேர்ந்த பிறகும் மறுபடி நீட் எழுதிக்கொண்டே முதலாம் ஆண்டை ஓட்டுகிறவர்களை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு ஊர் எதுவானாலும் ஒன்றுதான்.

செலவுக் கணக்கு எல்லா வீட்டிலும் முதலில் பேசப்படுவது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு லட்சங்களில். நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலையும் அதற்கும் மேலே. சிதம்பரம் நெடுநாள் இரண்டுங்கெட்டானாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் தனியார் அளவில் கட்டணம் கட்டி வந்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணமும் அரசுக் கல்லூரிக்குச் சமமாயிற்று. இதைத் தெரியாமல், பழைய கட்டணத்தை மனதில் வைத்துச் சிதம்பரத்தைப் பட்டியலில் கீழே தள்ளும் வீடுகள் இன்னும் உண்டு. வங்கிக் கடன் ஏழரை லட்சம்வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை இருக்கிறது, பி.எஃப். எண்ணோடு அடையாள அட்டை வைத்திருக்கும் தாய்மாருக்குக்கூட அது பிள்ளையின் கல்லூரிக்கும் செல்லும் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

கட்டணத்தில் சேராத செலவு ஒன்று பல் மருத்துவத்துக்கே உரியது. கருவி மாணவர் கைக்காசு. முதலாம் ஆண்டில் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் வடிக்கும் கத்தி. இரண்டாம் ஆண்டில் பொய்ப்பல் பொருத்திய டைபோடான்ட், பல் செட்டு அடுக்கும் ஆர்ட்டிகுலேட்டர், பிளாஸ்டர் கிண்ணம், கரண்டி. மூன்றாம் ஆண்டில் சொத்தை குடையும் கைப்பிடி, கண்ணாடி, ப்ரோப், பற்குறடு. சில கல்லூரி கொடுக்கும், பல கல்லூரி வாங்கச் சொல்லும். சென்னையில் பழைய கருவியைச் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிவிடலாம். தள்ளி இருக்கும் கல்லூரியில் கல்லூரி சொன்ன கடைதான் கடை. சேர்வதற்குமுன் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் "கிட்டுக்கு எவ்வளவு ஆச்சு" என்று கேட்டால் தெரிந்துவிடும். அலுவலகத்தில் கேட்டால் தெரியாது.

இனி, முக்கியமான சங்கதி. பல் மருத்துவம் கையால் படிக்கும் படிப்பு. நாலு ஆண்டுப் பாடமும் ஓராண்டுச் சுழற்சிப் பயிற்சியும் சேர்ந்த ஐந்தாண்டில், புத்தகம் எல்லா ஊரிலும் ஒன்று. நாற்காலியில் வந்து வாயைத் திறப்பவர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறார். ஆகவே கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஓ.பி. எவ்வளவு?", அதாவது எத்தனை வெளிநோயாளர் வருகிறார்கள் என்பதே.

ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு துறையிலும் இத்தனை 'கேஸ்' முடித்தால்தான் தேர்வெழுதலாம் என்று கணக்கு உண்டு. மாணவர் பேச்சில் இதற்குக் 'கோட்டா' என்று பெயர். பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது இவற்றுக்கு ஆள் கிடைத்துவிடும். முழுப் பல் செட்டுக்குத்தான் திண்டாட்டம். பல்லே இல்லாத ஒரு பெரியவரை முதல் அச்சு, இரண்டாம் அச்சு, தாடை அளவு, மெழுகில் போட்டுப் பார்த்தல், கடைசியில் மாட்டுதல் என்று குறைந்தது ஐந்து தடவை வரவழைக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வரும் பெரியவர் மூன்றாவது தடவைக்குப் பிறகு வர மாட்டார். அந்த மாணவரின் கோட்டா பாதியில் தொங்கும். இதனால்தான் ஊரின் நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி, புறவழிச்சாலையோரம் பளிங்குக் கட்டடத்தில் இருக்கும் கல்லூரியைவிட மாணவருக்கு நல்லது. மதுரை கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. கல்லூரிக்குச் சந்தைக்கு வந்தவர் அப்படியே பல்லைக் காட்டிவிட்டுப் போக முடியும். சென்னைக் கல்லூரிக்குப் பாரிமுனையும் அரசுப் பொது மருத்துவமனையும் பக்கம்; வட சென்னையே அங்கேதான் வாயைத் திறக்கிறது. புதுக்கோட்டைப் பல் கல்லூரி அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி இருப்பதால் பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஒரு பங்கு அங்கும் வரும். பல் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட பொது மருத்துவமனை இணைப்பு வேண்டும் என்று பல் மருத்துவக் கவுன்சில் விதித்ததன் காரணமும் இதையொட்டியதே. தாடை உடைந்தவரும் வாய்ப்புற்றுக்காரரும் பல் ஆஸ்பத்திரியைத் தேடி நேரே வருவதில்லை, பெரிய ஆஸ்பத்திரி வழியாகத்தான் வருகிறார்கள்.

ஓ.பி.யை எப்படி அளப்பது? நிர்வாகம் சொல்லும் எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி சாதாரண நாளில், பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று, வெளியே வருகிறவர் கையிலிருக்கும் ஓ.பி. சீட்டின் எண்ணைப் பார்த்தால் போதும். பிறகு நாற்காலிகளைப் பார்க்க வேண்டும். விளக்கின் கைப்பிடி தேய்ந்திருக்கிறதா, தலையணை உறை கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறதா, துப்பும் கிண்ணம் ஈரமாக இருக்கிறதா. பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலி வரிசை பெற்றோருக்குப் பெருமை. பல் மருத்துவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆய்வு நாளில் மட்டும் வேன் வைத்து ஆள் ஏற்றி வரும் வழக்கமும் உண்டு. இந்தப் பகுதியில் இப்போது பல் பார்க்கும் ஒருவர் தம் கல்லூரி நாளில், தேர்வுக்கு முந்தைய வாரம் பல்லில்லாத பெரியவர் ஒருவருக்குப் பஸ் காசும் பகல் சாப்பாடும் அன்றைய கூலியும் கைக்காசில் கொடுத்துக் கூட்டி வந்தவர். பெரியவர் நாலு தடவை வந்தார். ஐந்தாவது தடவை வேறொரு மாணவர் கூலியைக் கூட்டிக் கொடுத்ததால் அவர் நாற்காலிக்குப் போய்விட்டார். செட்டு இவர் கையிலேயே தங்கிற்று. இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

முதுநிலை இருக்கும் கல்லூரி நல்லதா என்பது இன்னொரு கேள்வி. எம்.டி.எஸ்ஸில் ஒன்பது துறைகள். ஒன்பதும் உள்ள கல்லூரியில் நல்ல ஆசிரியர்கள் இருப்பார்கள், கருவி இருக்கும். ஆனால் கடினமான கேஸெல்லாம் முதுநிலை மாணவர் நாற்காலிக்குப் போய்விடும். இளநிலைப் பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். வேர் சிகிச்சையை எடுத்துக்கொண்டால், பி.டி.எஸ். மாணவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒற்றை வேர் உள்ள முன்பல். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் போட்டதும் வந்து உட்காருகிறவருக்கு வலிப்பதோ கீழ்க் கடைவாய்ப் பல். பல் மருத்துவர் கணக்கில் முப்பத்தாறும் நாற்பத்தாறும். ஆறு வயதில் முளைக்கும் இந்தப் பல்லைப் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்லா" என்று தாய்மார் விட்டுவிடுவதால் ஊரில் முதலில் போகும் நிலைப்பல் இதுதான். மூன்று நான்கு கால்வாய் உள்ள அந்தப் பல்லைத் தொடாமலே பட்டம் வாங்கியவர் உண்டு. முதுநிலை குறைவாக உள்ள, கூட்டம் அதிகமாக உள்ள கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கை அந்தப் பல்லுக்குப் போய்விடும். பின்னால் எம்.டி.எஸ். எழுத எண்ணம் இருந்தால் பெரிய கல்லூரி. படித்ததும் ஊருக்கு வந்து பலகை மாட்டுவதானால் கூட்டமுள்ள கல்லூரி.

தரவரிசை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2020 முதல் பல் கல்லூரிகளைத் தனியாக வரிசைப்படுத்துகிறது. சென்னை சவீதா 2022 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து முதலிடத்தில் வந்தது. அந்தக் கணக்கில் ஆய்வுக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. மரத்துப்போகும் ஊசியை நரம்புக்குப் பக்கத்தில் சரியாக நிறுத்தும் கைக்கு அதில் பங்கில்லை.

தேர்வு முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வினாத்தாள். காவல்கிணற்றில் படித்தாலும் மதுரையில் படித்தாலும் ஒன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் தேர்வைத் தானே நடத்தும். பதிவு செய்யும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு இரண்டும் ஒன்றே.

பேச்சுமொழியும் ஊரைத் தீர்மானிக்கிறது. பல் வலியைச் சொல்லும் சொல்லிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். "பச்சத்தண்ணி பட்டா கூசுது" என்றால் சொத்தை இன்னும் உயிர்ச்சதையைத் தொடவில்லை என்று பொருள். "ராத்திரி படுத்தா விண்விண்ணுன்னு தெறிக்கு" என்றால் உள்ளே சதை அழன்றுவிட்டது. அடைத்து அனுப்ப முடியாது. "கடிச்சா மட்டும் வலிக்கு, பல்லு ஒசந்த மாதிரி இருக்கு" என்றால் சீழ் வேர்நுனிக்குப் போயாயிற்று. இந்தச் சொற்கள் படிக்கிற ஊரில் எப்படி வழங்குகின்றன என்று தெரியாதவர் படத்தை மட்டும் பார்த்துப் பல்லைக் கணிக்கப் பழகுகிறார். கன்னட நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் முதல் ஆறு மாதம் திணறுவது இதில்தான். கேரளத்துக்குப் போகும் தென்காசிப் பிள்ளைக்கு இந்தச் சிரமம் குறைவு. தினமும் மலையாளத்தாரோடு விலை பேசும் காய்கறிச் சந்தையில் வளர்ந்த காதுக்கு "வேதனை" என்ற சொல் புதிதல்ல.

வரும் நோயும் ஊருக்கு ஊர் வேறு. பாக்கு மெல்லும் பழக்கம் மிகுந்த இடத்தில் வாய் திறக்க மாட்டாமல் கன்னத்துச் சதை இறுகிப்போனவர்கள் வருவார்கள். மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் நுழைகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. இரண்டு விரலோடு நின்றால் கவலை. தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா 2013இல் தடையானாலும் நாற்காலியில் வந்து உட்காருகிறவர் கன்னம் வேறு சொல்கிறது. கீழப்பாவூர்ப் பக்கம் பீடி சுற்றும் ஊர். பீடி பிடிக்கும் வாயில் வெள்ளைப் படலத்தைக் கண்டுபிடிக்கும் கண், இப்படிப்பட்ட வாய்களை நிறையப் பார்த்த கல்லூரியில்தான் பழகும். திரும்பி வந்து தொழில் செய்யப் போகும் இடத்தில் என்ன நோய் இருக்கிறதோ அதே நோய் வரும் கல்லூரிக்குப் போவது இலாபம். தெற்கத்தி ஊர்களிலுள்ள கல்லூரிகளுக்கு இந்த வகையில் சென்னையைவிட ஒரு படி மேல் மதிப்புக் கொடுக்கலாம். இதைப் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு.

போக்குவரத்துக் கணக்கு பார்க்காமல் எந்த வீடும் முடிவெடுப்பதில்லை. பல் மருத்துவம் படிப்பவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதால் இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள். சென்னைக்குத் தென்காசியிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். மாலை ஏறினால் காலை எழும்பூர். வாரம் மூன்று நாள் ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகப் போவதால் புதுக்கோட்டைக்கு மாறாமல் போய்விடலாம். சிதம்பரத்துக்கென்றால், செங்கோட்டை வண்டியில் மயிலாடுதுறைவரை போய் அங்கிருந்து பஸ். காவல்கிணற்றுக்குத் திருநெல்வேலி போய் நாகர்கோவில் பஸ். வீட்டிலிருந்து அன்றாடம் போய்வரும் தூரம் எதுவும் இல்லை; கிட்டத்திலிருப்பதும் நூறு கிலோமீட்டர் அளவில். "வாரா வாரம் வந்துட்டுப் போவுதாவளா?" என்று கேட்கும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நோயாளி வரும் நாள்தான் மாணவர் இருக்கும் நாள். சனிக்கிழமை பகல்வரை ஓ.பி. இருக்கும். சாவு, கல்யாணம், கொடை எதற்கும் ஊருக்கு வர முடியாமல் போகும் இரண்டு ஆண்டுகள் அவை; கிட்டத்து ஊரில் படித்தாலும் அப்படியே.

சேர்ந்த பிள்ளை முதல் விடுமுறைக்கு வரும்போது ஊர்ப் பல் மருத்துவரைத் தேடி வரும். கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். பல் வேண்டும். குடையவும் அடைக்கவும் பழகுவதற்குப் பிடுங்கிய உண்மைப் பல் தேவை. சொத்தை அதிகமில்லாத, முனை உடையாத பல்லாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கிளினிக்கில் பிடுங்கிய பல்லைக் கழுவி, ஃபார்மலினில் போட்டு வைத்திருப்பார்கள். 10 சதவீதக் கரைசலில் இரண்டு வாரம் ஊறினால்தான் கிருமி போகும். முன்பல் கிடைப்பது அருமை. வயதானவர்களுக்கு ஈறு நோயில் ஆடி விழும் கீழ் முன்பல்தான் அதிகம் வரும். அது மிகச் சிறியது, குடைந்தால் உடையும். மேல் நடுப்பல் ஒன்றுக்கு மாணவர்களுக்குள் பேரமே நடக்கும். எந்த ஊர்க் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை எத்தனை பல் கேட்கிறது என்பதிலிருந்து அங்கே எவ்வளவு வேலை வாங்குகிறார்கள் என்று ஊர் மருத்துவர் ஓரளவு கணித்துவிடுவார். பத்துப் பல் கேட்கும் கல்லூரி ஒன்று. "அண்ணே, நூறு வேணும்" என்று நிற்கும் கல்லூரி ஒன்று.

ஐந்தாம் ஆண்டுப் பயிற்சி எங்கே என்பதைச் சேரும்போது யாரும் கேட்பதில்லை. எட்டுப் பல் துறைகளிலும் மாறி மாறி நின்று, ஒன்பதாவதான சமூகப் பல் மருத்துவத்துக்காகக் கிராம முகாம்களுக்கும் போக வேண்டும். முகாம் வெறும் கணக்கெடுப்பா, அங்கேயே பல் பிடுங்குகிறார்களா, முகாமில் பார்த்தவரைக் கல்லூரிக்குக் கூட்டிவர வண்டி அனுப்புகிறார்களா என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒருவர் தனியாக, ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல், எத்தனை கடைவாய்ப் பல் பிடுங்கினார் என்று இறுதியாண்டு முடித்த மூன்று பேரிடம் கேட்டால் கல்லூரி தெரிந்துவிடும். மூன்று பேரின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நம்பலாம். ஒருவர் இருநூறு என்றும் இன்னொருவர் ஐந்து என்றும் சொன்னால், அந்தக் கல்லூரியில் கேஸ் வருகிறது, ஆனால் பங்கிடப்படுவதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி முடிந்த சான்றிதழோடு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவெண் வாங்கினால் பலகை மாட்டலாம். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எப்போதாவது வரும்; இடம் சொற்பம். பெரும்பாலோர் ஓராண்டு, இரண்டாண்டு வேறொருவர் கிளினிக்கில் உதவியாளராக நின்றுவிட்டுத்தான் சொந்தமாகத் தொடங்குகிறார்கள். சென்னையில் படித்தவர் அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். மதுரையிலும் குலசேகரத்திலும் படித்தவர்கள் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் திரும்பி வருகிறார்கள். கீழப்பாவூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து பாவூர்சத்திரம் வந்து, மார்க்கெட்டில் வெண்டைக்காய்க் கூடையை இறக்கிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே படியில் உட்கார்ந்திருப்பவர், டாக்டர் எந்தக் கல்லூரியில் படித்தவர் என்று கேட்பதில்லை. "வலிக்காம புடுங்குவாவளா?" என்றுதான் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்.